லிட்டில் லீக் சீசன் எப்படி நடக்கிறது? பேஸ்பால், சாஃப்ட்பால் இரண்டுக்கும் கேட்கிறேன்

#1 எடிசன்_அப்பா (நியூ ஜெர்சி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பையனுக்கு இப்போது 8 வயது, ஜூலையில் 9 ஆகும். பெண்ணுக்கு 10, மார்ச்சில் 11. பள்ளிக்கூடப் பையில் லிட்டில் லீக் (ஊர்ப் பிள்ளைகளுக்கான பேஸ்பால், சாஃப்ட்பால் லீக்) பதிவு என்று ஒரு தாள் வந்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்த்துவிடச் சொல்லி விடாமல் கேட்கிறார்கள். பையனுக்கு பேஸ்பால், பெண்ணுக்கு சாஃப்ட்பால்.

எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். படிவத்தைத் திறந்து பார்த்தால் இவாலுவேஷன், டிராஃப்ட் என்று என்னென்னவோ இருக்கிறது. ஐபிஎல் ஏலம் மாதிரி பசங்களை எடுப்பார்களா? தொண்டு வேலைக்கு ஒரு பக்கம் தனியாக இருக்கிறது. அதற்கு ஒரு செக்கை முன்பணமாகக் கேட்கிறார்கள். பின்னணிச் சோதனைக்குச் சம்மதமும் வேண்டுமாம். சீசன் எப்போது ஆரம்பித்து எப்போது முடியும்? ஜூன் கடைசியில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி வேறு. அனுபவம் உள்ளவர்கள் முதலிலிருந்து சொன்னால் புண்ணியமாக இருக்கும்.

#2 மூணாவது_பேஸ் (நியூ ஜெர்சி)

வாங்க சகோ. எங்கள் ஊர் லீக்கில் பல வருடமாக நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் வயது. இதில்தான் புதியவர்கள் எல்லாரும் குழம்புகிறார்கள். பேஸ்பாலில் அந்த வருடம் ஆகஸ்ட் 31 அன்று என்ன வயதோ அதுதான் லீக் வயது. உங்கள் பையன் ஏப்ரலில் ஆடும்போது 8 ஆக இருந்தாலும் கணக்கில் அவன் 9. சாஃப்ட்பாலில் கணக்கு வேறு. முந்தின வருடத்துத் தேதி ஒன்றில் இருந்த வயதைப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் பெண் மார்ச்சில் 11 முடித்தாலும் இந்த சீசன் முழுக்க 10 தான். பிறப்புச் சான்றிதழும் முகவரிக்கு அத்தாட்சியும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு லீக்குக்கும் எல்லை உண்டு. வீடு அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை படிக்கும் பள்ளியாவது உள்ளே இருக்க வேண்டும்.

பிரிவுகள்: நாலு வயதிலிருந்து டீ பால். கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிப்பது. அடுத்தது கோச் பிட்ச், கோச்சே மெதுவாகப் போடுவார். அதற்கு மேல் மைனர்ஸ், அங்கே பசங்களே பந்து போட ஆரம்பிப்பார்கள். 9 முதல் 12 வரை மேஜர்ஸ். அதைத் தாண்டினால் இன்டர்மீடியட், ஜூனியர், சீனியர் என்று போகும், மைதானமும் பெரிதாகும். மேஜர்ஸ் வரை பேஸ்பாலில் பேஸுக்கும் (ஓடிச் சேர வேண்டிய இடம்) பேஸுக்கும் 60 அடி, பிட்சர் (பந்து போடுகிறவர்) நிற்கும் தூரம் 46 அடி. உங்கள் பையன் அநேகமாக மைனர்ஸில் விழுவான்.

இப்போது சீசன். எங்கள் பக்கத்தில் பனிக்காலத்திலேயே பதிவு முடிந்துவிடும். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் இவாலுவேஷன். பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் நடக்கும். தரையில் உருளும் பந்து நாலைந்து, உயரப் பந்து ரெண்டு மூணு, மட்டையால் சில அடி, ஒரு ஓட்டம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சட்டை முதுகில் எண் ஒட்டியிருப்பார்கள், கோச்சுகள் ஓரமாக உட்கார்ந்து எண்ணுக்கு நேராக மதிப்பெண் போடுவார்கள்.

அதை வைத்து டிராஃப்ட். பிளேயர் ஏஜென்ட் என்று ஒரு பொறுப்பாளர் உண்டு, அவர்தான் அதை நடத்துவார். கோச்சுகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். நல்ல பசங்கள் எல்லாம் ஒரே அணியில் சேரக் கூடாது என்பதுதான் நோக்கம். யார் எந்தச் சுற்றில் போனார்கள் என்பது அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. டீ பால், கோச் பிட்ச் பிரிவுகளில் இதெல்லாம் கிடையாது, பள்ளி, நண்பர்கள் பார்த்து அணி பிரிப்பார்கள்.

மார்ச்சில் பயிற்சி, ஏப்ரலில் தொடக்க விழா. எல்லா அணியும் சட்டை போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் ஊர்வலம் போவார்கள், தீயணைப்பு வண்டி முன்னால் போகும். பிறகு வாரத்துக்கு ரெண்டு ஆட்டம், ஒன்று வாரநாள் சாயங்காலம், ஒன்று சனிக்கிழமை. மேஜர்ஸில் ஒரு அணிக்குக் குறைந்தது 12 ஆட்டம் இருக்க வேண்டும். ஆறு இன்னிங்ஸ். ஜூன் நடுவில் பிளே ஆஃப் முடிந்து கோப்பை கொடுத்துவிடுவோம். உங்கள் ஊர்ப் பயணத்துக்கு இடைஞ்சல் இல்லை.

தமிழ்ப் பள்ளி விஷயத்தை அட்டவணை போடும் முன்னாலேயே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். ஹீப்ரூ வகுப்புக்கும் முதல் நற்கருணை வகுப்புக்கும் போகும் பிள்ளைகளுக்காக அவர்கள் ஏற்கெனவே நேரம் மாற்றிக் கொடுத்துப் பழகியவர்கள். நம்மவர்கள்தான் கேட்கவே தயங்கிக்கொண்டு, பிறகு ஆட்டத்துக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு பேர் உள்ள அணியில் நாலு பேர் வராவிட்டால் களத்தில் ஒன்பது பேரை நிறுத்த முடியாது. வந்த பசங்களுக்குத்தான் கஷ்டம்.

#3 சான்ரமோன்_அம்மா (கலிபோர்னியா)

பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. நான் ஊரில் கல்லூரி அணிக்காக சாஃப்ட்பால் ஆடியவள். நம்ம ஊர்ப் பள்ளி, கல்லூரிகளிலும் இந்த ஆட்டம் உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது.

சாஃப்ட்பால் என்று பெயரில்தான் மென்மை இருக்கிறது. 10 வயதுப் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, 35 அடியிலிருந்து போடுவார்கள். மேஜர்ஸில் 12 அங்குலப் பந்து, 40 அடி. கீழ்க்கையாகத்தான் போட வேண்டும், கை முழு வட்டம் சுற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பந்து விடுபடும். தூரம் குறைவு என்பதால் அடிக்கிற பிள்ளைக்கு யோசிக்க நேரமே இருக்காது. முகக் கம்பி வைத்த ஹெல்மெட் வாங்குங்கள். பிட்சரும் உள்வட்டத்தில் நிற்கிறவர்களும் தடுப்பு ஆடும்போதும் முகக் கவசம் போடுவது நல்லது. விதி கட்டாயப்படுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், போட்டுவிடுங்கள். ஒரு பெண் அடித்த நேர்ப்பந்து மோதி பிட்சரின் முகக் கம்பி நசுங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிவிட்டு அடுத்த பந்தைப் போட்டாள்.

முதல் வருடத்தில் ஸ்கோர் பார்த்துப் பதறாதீர்கள். பத்து வயதுப் பெண்கள் அப்போதுதான் பந்து போடக் கற்றுக்கொள்வார்கள், நாலு பந்து வெளியே போனால் அடிக்கிறவள் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவாள், இப்படி நடை, நடை என்றே போகும். மைனர்ஸில் ஒரு பாதி இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்தால் போதும், பக்கம் மாறிவிடும். மே மாதம் ஆகும்போது அதே பிள்ளைகள் ஸ்ட்ரைக் (அடிக்கத் தோதான நேர்ப்பந்து) போடுவார்கள் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். சாஃப்ட்பால் உங்கள் பெண் கேட்டதா, நீங்களாக நினைத்ததா? பேஸ்பாலும் அவளுக்குத் திறந்தே இருக்கிறது. அதற்குக் காரணமானவர் உங்கள் மாநிலத்துப் பெண்தான். 1972ல் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி பையன்கள் அணியில் மூன்று ஆட்டம் ஆடினாள். லிட்டில் லீக் தலைமையகம் அந்த லீக்கின் அனுமதியையே ரத்து செய்வோம் என்று சொன்னதால் அவளை நிறுத்தினார்கள். வழக்கு நியூ ஜெர்சி குடிமை உரிமைகள் பிரிவுக்குப் போய், 1973ல் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். 1974ல் லிட்டில் லீக் தன் விதியையே மாற்றிக்கொண்டது. பெண்களுக்கான சாஃப்ட்பால் பிரிவும் அதே வருடம்தான் வந்தது. தீர்ப்பு வந்தபோது மரியாவுக்கு வயது கடந்துவிட்டது, அவளால் திரும்ப ஆட முடியவில்லை. 2014ல் பிலடெல்பியாவின் மோனே டேவிஸ் லிட்டில் லீக் உலகத் தொடரில் பந்து போட்டு, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தாள். இதையெல்லாம் உங்கள் பெண்ணிடம் சொல்லிவிட்டு அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

#4 எடிசன்_அப்பா

அக்கா, கேட்டுவிட்டேன். அவள் தோழிகள் மூன்று பேர் சாஃப்ட்பாலில் இருக்கிறார்களாம், அதுதான் வேண்டுமாம். ஆனால் ஹோபோக்கன் கதையை ரெண்டு தடவை சொல்ல வைத்தாள்.

அந்த செக், பின்னணிச் சோதனை பற்றி யாராவது சொல்லுங்களேன். எனக்கு மைதானத்தில் என்ன வேலை கொடுக்கப் போகிறார்கள்?

#5 கணக்குப்பிள்ளை (பென்சில்வேனியா)

இதை நான் எழுதுகிறேன். இந்த லீக் எந்தக் கம்பெனியும் நடத்துவதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், பாதுகாப்பு அலுவலர், கோச், ஸ்நாக் ஷாக்கில் ஹாட் டாக் விற்கிறவர், எல்லாரும் சம்பளம் வாங்காத பெற்றோர்கள். நீங்கள் கட்டும் பணம் சட்டை, பந்து, காப்பீடு, மைதானம், விளக்கு, அம்பயருக்கே சரியாக இருக்கும். மீதிக்கு ஊர்க் கடைகளிடம் போய் நிற்போம். பல் மருத்துவர், பீட்சா கடை, குழாய் ரிப்பேர்காரர் பெயரெல்லாம் பசங்கள் முதுகில் இருப்பது அதனால்தான். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1939ல் எங்கள் மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் இதைத் தொடங்கியபோது மூன்றே அணிகள். லண்டி லம்பர், லைகமிங் டெய்ரி, ஜம்போ பிரெட்ஸல். மரக்கடை, பால் கம்பெனி, தின்பண்டக் கடை. ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் மரக்கடை பால் கம்பெனியை 23-8 என்று ஜெயித்தது.

முன்பணச் செக் எதற்கென்றால், நீங்கள் ஒப்புக்கொண்ட நேரம் வேலை செய்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், செய்யாவிட்டால் வங்கியில் போட்டுவிடுவார்கள். சில ஊரில் செக் கிடையாது. பின்னணிச் சோதனை கோச், அணி உதவியாளர், நிர்வாகிகள், பிள்ளைகளோடு அடிக்கடி பழகும் எல்லாருக்கும் வருடாவருடம் கட்டாயம். சிறுவர் துன்புறுத்தலைத் தடுப்பது பற்றிய ஒரு ஆன்லைன் பயிற்சியும் முடிக்க வேண்டும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளையோடு டக்அவுட்டில் உட்காரும் அந்நியருக்கும் அதே சோதனைதான் நடக்கிறது.

வேலை என்று கேட்டீர்கள். நான் செய்வது பந்து எண்ணுவது. ஆட்டமே தெரியாமல் இதைத் தொடங்கலாம், ஒரு சீசனில் ஆட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். கையில் ஒரு சின்னக் கிளிக்கர். பிட்சர் போடும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அழுத்து. ஃபவுல் (கோட்டுக்கு வெளியே அடித்த பந்து) போனாலும் கணக்குதான். பாதி இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணியில் எண்ணுகிறவரிடம் போய் எண்ணை ஒத்துப் பார்க்க வேண்டும். 7, 8 வயதுக்கு ஒரு நாளைக்கு 50 பந்து, 9, 10க்கு 75, 11, 12க்கு 85. எல்லை வரும்போது அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை மட்டும் முடிக்கலாம், அதோடு இறங்கிவிட வேண்டும். 20 பந்துக்குள் போட்டால் ஓய்வு தேவையில்லை, 21 முதல் 35 வரை ஒரு நாள், 50 வரை ரெண்டு நாள், 65 வரை மூணு நாள், 66 தொட்டால் நாலு நாள் கழித்துத்தான் மறுபடி பந்து போடலாம். 41 பந்து போட்டவன் அன்றைக்கு கேட்சராக (அடிக்கிறவனுக்குப் பின்னால் பந்து பிடிக்கிறவன்) நிற்கக் கூடாது.

பிட்சராக நின்றிருந்த பத்து வயதுப் பையன் 75 பந்து போட்டு, ஆட்டம் கடைசி இன்னிங்ஸில் சமநிலையில் இருக்கும்போது நான் எழுந்து போய் அம்பயரிடம் சொல்ல வேண்டும். நம்ம அணி, நம்ம கோச்தான், இன்னும் ஒரே ஒருத்தன் என்று கண்ணாலேயே கெஞ்சுவார். அங்கே எண்ணை மாற்றிச் சொல்லக் கூடாது. இந்த விதி 2007ல் வந்தது. அலபாமாவின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் போன்ற எலும்பு மருத்துவர்கள், வளர்கிற பிள்ளைகளின் முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவைக்கு வருவதைப் பார்த்துச் சொல்லிச் சொல்லித்தான் வந்தது. சாஃப்ட்பாலில் பந்து எண்ணிக்கை இல்லை, இன்னிங்ஸ் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

#6 பிளேனோ_பவுலர் (டெக்சாஸ்)

நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, வேறு கோணம் சொல்கிறேன். பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஊர் லீக்கில் நேரத்தை வீணாக்காமல் டிராவல் பால் கிளப்பில் (தேர்வு வைத்து எடுத்து, வெளியூர் போய் ஆடும் தனிக் கிளப்) சேர்த்துவிடுங்கள். லீக்கில் கோச் என்பவர் பக்கத்து வீட்டு அப்பா. அவர் பையன் பிட்சர், அவர் நண்பர் பையன் ஷார்ட்ஸ்டாப், நம்ம பிள்ளை பந்தே வராத ரைட் ஃபீல்டில் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இதை என் பெரியவனுக்கு நேரிலேயே பார்த்தேன். சீசன் முடிவில் ஊர் சார்பில் ஆடும் ஆல் ஸ்டார் அணிக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். கிளப்பில் காசு அதிகம், ஆனால் சம்பளம் வாங்கும் கோச், வருடம் முழுக்கப் பயிற்சி. உயர்நிலைப் பள்ளி அணியில் இடம் வேண்டுமென்றால் அதுதான் வழி.

#7 மூணாவது_பேஸ்

பிளேனோ சகோ, கோச் பையனுக்குச் சலுகை என்பது நடக்கிற விஷயம்தான். அதற்கு மருந்து விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. வரிசையாக எல்லாரும் அடிக்கும் முறை இல்லாத ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது ஆறு அவுட்டுக்குக் களத்தில் இடமும், ஒரு முறையாவது மட்டையும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அந்தப் பிள்ளையை முதலில் இறக்க வேண்டும், மறுபடி செய்தால் மேனேஜர் மீது நடவடிக்கை. எங்கள் லீக்கில் இதற்கு மேல் ஒரு உள்விதி வைத்திருக்கிறோம். மைனர்ஸில் எந்தப் பிள்ளையும் தொடர்ந்து ரெண்டு இன்னிங்ஸ் வெளிவட்டத்தில் நிற்கக் கூடாது. உள்விதியை நிர்வாகக் குழு வருடாவருடம் வாக்கெடுத்து மாற்றலாம். அந்தக் கூட்டத்துக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள், யார் வருகிறார்களோ அவர்கள் போட்ட சட்டம்தான் ஊருக்கே. குறை உள்ள பெற்றோர் ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தால் நிலைமை மாறும், மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

டிராவல் பால் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 12 வயது வரை தேவையில்லை. 8 வயதில் நன்றாக ஆடுகிற பிள்ளை முதலில் வளர்ந்த பிள்ளையாக இருக்கலாம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பத்து வயதில் பந்தைத் தொடவே பயந்த பையன்கள் பதினாலில் ஜூனியர் அணியின் முதுகெலும்பாக நின்றிருக்கிறார்கள். பத்து வயதிலேயே கிளப் தேர்வு வைத்து வெளியே அனுப்பியிருந்தால் அவர்கள் ஆட்டத்தையே விட்டிருப்பார்கள். நல்ல பசங்களை எல்லாம் கிளப் அள்ளிக்கொண்டு போனால் ஊர் லீக்கில் அணிகள் குறைகின்றன. கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடமும் சுருங்குகிறது. எங்களிடம் கட்டணச் சலுகை கேட்டு ஒரு வரி எழுதினால் போதும், காரணம்கூடக் கேட்பதில்லை.

#8 கணக்குப்பிள்ளை

கூடவே ஒன்று. லீக்கிலும் கிளப்பிலும் ஒரே நேரத்தில் ஆடும் பையன் புதன்கிழமை எங்களிடம் 60 பந்து போட்டுவிட்டு, சனிக்கிழமை கிளப் டோர்னமென்டில் இன்னொரு 70 போடுவான். எங்கள் தாளில் 60 மட்டும்தான் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டியவர் அப்பா அம்மா மட்டுமே. மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து கொடுத்திருக்கும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் இந்த வயதுக்கு வருடத்தில் நாலு மாதமாவது எறிவதையே நிறுத்தச் சொல்கிறார்கள். வருடம் முழுக்கப் பயிற்சி என்பதை நல்ல விஷயமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

#9 பிளேனோ_பவுலர்

நாலு மாத ஓய்வு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம், என் சின்னவனுக்கு இந்த வருடம் அதைக் கடைப்பிடிக்கிறேன். ஆனால் உள்விதி எல்லா ஊரிலும் இப்படி இல்லை என்பதையும் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்யும் முன் எடிசன் நண்பர் தன் லீக்கின் உள்விதியைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.

#10 சான்ரமோன்_அம்மா

ஆல் ஸ்டார் பற்றி யாரும் எழுதவில்லை. நம்ம குடும்பங்களில் மனக்கஷ்டம் வருவது அங்கேதான்.

வழக்கமான சீசனில் ஊருக்குள்ளேயே ஆடுவார்கள். அது முடியும்போது ஒவ்வொரு வயதுக்கும் ஊரின் சார்பில் ஒரு அணி எடுப்பார்கள். 8 முதல் 10, 9 முதல் 11, 10 முதல் 12 என்று தனித்தனி. பிள்ளைகள் வாக்கு, கோச்சுகள் வாக்கு, நிர்வாகக் குழு ஒப்புதல் என்று லீக்குக்கு ஒரு முறை. ஜூனில் தினமும் பயிற்சி. பிறகு டிஸ்ட்ரிக்ட், செக்‌ஷன், ஸ்டேட். 12 வயதுப் பிரிவு மட்டும் அதற்கும் மேலே ரீஜன் ஜெயித்தால் ஆகஸ்டில் உலகத் தொடர். பேஸ்பாலுக்கு சவுத் வில்லியம்ஸ்போர்ட், சாஃப்ட்பாலுக்கு வட கரோலினாவில் கிரீன்வில். நியூ ஜெர்சி அணிகளுக்கு ரீஜன் கனெக்டிகட்டில் பிரிஸ்டல்.

எவ்வளவு தூரம் போவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஜெயிக்க ஜெயிக்க ஜூலை கரைந்துகொண்டே போகும். நம்மவர்களோ ஜனவரியிலேயே ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்போம். தாத்தா பாட்டி நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதனால் படிவத்தில் ஆல் ஸ்டாருக்கு இருக்க முடியுமா என்று கேட்கும் கட்டத்தில் உண்மையைப் போடுங்கள். இடம் கிடைத்தபிறகு வாபஸ் வாங்கினால், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு பிள்ளைக்கு அது போய்ச் சேராமலே போகலாம். பிள்ளையிடமும் முன்னாலேயே பேசிவிடுங்கள். இந்த வருடம் பாட்டி வீடு, அடுத்த வருடம் பார்ப்போம் என்று மார்ச்சில் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஜூனில் சொன்னால் அழுகிறார்கள்.

#11 எடிசன்_அப்பா

எவ்வளவு விவரம், எல்லாருக்கும் நன்றி. ஊர்ப் பயணம் என்று போட்டுவிட்டேன், பையனிடமும் சொல்லிவிட்டேன். இனி ஆட்டத்துக்கு வருகிறேன். பின்பக்கம் டென்னிஸ் பந்து வைத்து ஆடிப் பார்க்கிறோம். பையன் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறான். பந்து பின்னால் போனாலும் ஓடுகிறான். என்ன வாங்க வேண்டும்?

#12 மூணாவது_பேஸ்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எல்லாப் பிள்ளைக்கும் இதே ரெண்டு பழக்கம்தான், ஒரு மாதத்தில் போய்விடும். அடித்ததும் மட்டையைத் தரையில் விட வேண்டும், வீசவும் கூடாது. பின்னால் நிற்கும் கேட்சருக்கும் அம்பயருக்கும் ஆபத்து. அடிக்கிற இடத்திலிருந்து முதல் பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் போகும் ரெண்டு கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல், ஓட்டம் இல்லை. உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும், கிரிக்கெட் மாதிரி வேண்டாம் என்று நிற்க முடியாது. அதில்தான் ஃபோர்ஸ் அவுட் வருகிறது. பின்னால் வருகிறவனுக்கு இடம் விட்டு நீ போயே ஆக வேண்டும் என்ற நிலையில், உன்னைத் தொட வேண்டியதில்லை, பந்தோடு பேஸை மிதித்தால் போதும். இதை மட்டும் வீட்டில் நாலு செருப்பை வைத்து நடந்து காட்டுங்கள், பாதி ஆட்டம் புரிந்துவிடும். இன்னொன்று, மேஜர்ஸ் வரை பேஸ்பாலில் பந்து அடிக்கிறவனை அடையும் வரை ஓட்டக்காரன் பேஸை விட்டு நகரக் கூடாது. சாஃப்ட்பாலில் பிட்சர் கையை விட்டுப் பந்து போனதுமே கிளம்பலாம்.

கிளவ் வாங்கும்போது கவனம். வலது கையால் எறிகிறவனுக்கு கிளவ் இடது கையில். கடையில் தவறாக எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அவன் அளவுக்கு 10½, 11 அங்குலம் போதும். புது கிளவ் விறைப்பாக இருக்கும், தினமும் பந்து பிடித்தால்தான் இளகும். பேஸ்பால் மட்டையில் யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்க வேண்டும், 2018 முதல் கட்டாயம். கிளப்பில் ஆடும் பையன்களின் மட்டையில் வேறு முத்திரை இருக்கும், அது லீக்கில் செல்லாது. இரவல் வாங்கும் முன் பாருங்கள். பெண்ணுக்கு மட்டை தனி, சாஃப்ட்பால் மட்டையின் தடிமன் குறைவு. ஷூவில் இரும்பு முள் கூடாது, ரப்பர் போதும். பையனுக்கு கவட்டுக் கவசம் (கிரிக்கெட்டில் போடும் கார்டு மாதிரி) மறக்காதீர்கள். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டாம், எங்கள் லீக்கில் பதிவு நாளன்று பழைய ஷூ, பேன்ட் எல்லாம் மேசையில் பரப்பி வைப்போம், அளவு பார்த்து எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் ஊரிலும் இருக்கும், கேளுங்கள்.

#13 கணக்குப்பிள்ளை

மழை பற்றி ரெண்டு வரி. ஏப்ரலில் பாதி ஆட்டம் மழையில் போகும், மே கடைசியில் ஒரே வாரத்தில் நாலு ஆட்டம் சேர்ந்து வரும், அதற்குத் தயாராக இருங்கள். இடி கேட்டால் எல்லாரும் காருக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் வரை யாரும் இறங்கக் கூடாது. நடுவில் ஒன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து 30.

மைதான வேலைக்கு வருகிறவர்களுக்கு: உள்வட்டத்தில் தண்ணீர் தேங்கினால் துடைப்பத்தால் புல்வெளிக்குத் தள்ளாதீர்கள். நல்ல மண்ணும் சேர்ந்து போய் அங்கே பள்ளம் விழும், அடுத்த மழைக்கு இன்னும் பெரிய குட்டை. கைப்பம்பால் அல்லது ஸ்பாஞ்சால் வாளியில் எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொடியைத் தூவி ரேக்கால் கலந்துவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு நாலு பேர் வந்தால் பத்து மணி ஆட்டம் நடக்கும். ஒருத்தர் மட்டும் வந்தால் அன்றைக்கு ஆட்டம் ரத்து.

#14 எடிசன்_அப்பா

பதிவு முடித்துவிட்டேன். நான் மைதான வேலைக்கும், மனைவி பந்து எண்ணுவதற்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். உள்விதியும் கேட்டு வாங்கினேன். எங்கள் லீக்கில் மைனர்ஸில் எல்லாரும் வரிசையாக அடிக்கும் முறைதான், ஆனால் வெளிவட்டம் பற்றி எதுவும் எழுதவில்லை.

#15 மூணாவது_பேஸ்

அப்படியென்றால் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம் எப்போது என்று அவர்களிடம் கேளுங்கள். சீசன் தொடங்கியபின் விதி மாற்ற மாட்டார்கள், இப்போதே போனால்தான் நடக்கும். எங்கள் லீக்கின் வரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அப்படியே முன்வைக்கலாம்.